கூரை மேல் ஏறியவர் யாருடைய ஆள்?

அமெரிக்காவில் புயல் ஓய்ந்ததும் சேதத்தை அளக்க வரும் அட்ஜஸ்டர்களின் வருமானத்தில் வரி பிடிப்பதா, வேண்டாமா? கணக்குப்பிள்ளை சமாசாரம் போலத் தெரியும் இந்தக் கேள்விக்குள் விபத்து இழப்பீடு, ஓவர்டைம், வீட்டுக்காரரின் க்ளைம் தொகை எல்லாமே அடங்கியிருக்கின்றன.

ஃப்ளோரிடாவிலோ லூசியானாவிலோ பெரும்புயல் கரையேறினால், அடுத்த சில நாட்களில் இரண்டு விதமான வண்டிகள் அந்தப் பக்கம் விரையும். ஒன்று, மின்கம்பம் நட வரும் லாரிகள். இன்னொன்று, ஏணி கட்டிய பிக்கப் டிரக்குகள். அந்த டிரக்கை ஓட்டி வருபவர் டெக்சஸ்காரராக இருக்கலாம், ஓஹையோக்காரராகவும் இருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனியின் சார்பாக வீடு வீடாகப் போய், கூரை மேல் ஏறி, பெயர்ந்த ஓடுகளை எண்ணி, ஊறிப்போன சுவரை அளந்து, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நம் ஊரில் 'இன்சூரன்ஸ் சர்வேயர்' என்கிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான். அங்கே 'இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டர்' என்று பெயர்.

இப்படியொரு கூட்டம் ஏன் தேவைப்படுகிறது? சாதாரண நாட்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் நிரந்தர அட்ஜஸ்டர்கள் இருக்கிறார்கள். 1992 ஆகஸ்டில் ஃப்ளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலும், 2005-ல் வந்த கத்ரீனாவும் அந்த ஏற்பாடு போதாது என்று காட்டிவிட்டன. கத்ரீனாவுக்கு மட்டும் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட க்ளைம்கள் வந்தன. எப்போதோ வரும் புயலுக்காக ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்க எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. எனவே நடுவில் அட்ஜஸ்டிங் நிறுவனங்கள் வளர்ந்தன. இவை உரிமம் பெற்றவர்களின் பட்டியலைக் கையில் வைத்திருக்கும். புயல் வந்தால் கூப்பிட்டு அனுப்பும். கூலி பெரும்பாலும் ஃபைல் கணக்கு. சேதம் எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப ஒரு கட்டணப் பட்டியல் உண்டு. அதில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அட்ஜஸ்டருக்குத் தரும்.

ஜனவரி மாதம் அவர் கைக்கு ஒரு காகிதம் வரும். அது எந்தக் காகிதம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டு காகிதங்கள், இரண்டு வாழ்க்கைகள்

'டபிள்யூ-2' படிவம் வந்தால் அவர் ஊழியர். வருமான வரியை நிறுவனமே பிடித்து அரசுக்குக் கட்டியிருக்கும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்ற இரண்டு சமூகப் பாதுகாப்பு வரிகளுக்காக அவரிடமிருந்து 7.65 சதவீதம் பிடித்து, தன் பங்காக இன்னொரு 7.65 சதவீதத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கும்.

'1099-என்.இ.சி.' படிவம் வந்தால் அவர் சுயதொழில் செய்பவர். ஒரு டாலர்கூடப் பிடித்தம் இருக்காது. முழுத் தொகையும் கைக்கு வரும். முழு வரியும் அவர் தலையில். அந்த இரண்டு பங்கையும் அவரே கட்ட வேண்டும்: 15.3 சதவீதம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். செலவெல்லாம் போக ஒரு லட்சம் டாலர் லாபம் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அதில் 92.35 சதவீதத்துக்குத்தான் இந்த வரி. 92,350 டாலருக்கு 15.3 சதவீதம் என்றால் சுமார் 14,130 டாலர். அதே ஒரு லட்சத்தைச் சம்பளமாக வாங்கியிருந்தால் 7,650 டாலரோடு முடிந்திருக்கும். சுயதொழில் வரியில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சலுகை உண்டு. ஆனாலும் இடைவெளி பெரிதுதான். வருமான வரி இதற்கு மேல் தனி.

வரி கட்டும் தேதிகள் இன்னொரு தலைவலி. பிடித்தம் இல்லாதவர்கள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என்று நான்கு தவணைகளில் முன்கூட்டியே வரி கட்ட வேண்டும். நான்கும் சம தவணைகள் என்பது சட்டத்தின் கணக்கு. அட்லாண்டிக் புயல் பருவமோ ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பெரும்புயல்கள் பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபரில்தான் வரும். 2022-ல் இயன் செப்டம்பர் 28-ஆம் தேதி. 2024-ல் ஹெலீன் செப்டம்பர் 26, மில்டன் அக்டோபர் 9. முதல் மூன்று தவணைகளின் தேதி கடந்த பிறகுதான் பல அட்ஜஸ்டர்களுக்கு அந்த வருடத்தின் பெரும்பணமே வருகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. எந்த மாதம் பணம் வந்ததோ அதற்கேற்பத் தவணையைக் கணக்கிட 2210-ஆம் படிவத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. போன வருட வரியின் அளவு கட்டிவிட்டாலும் அபராதம் இல்லை (போன வருட வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியவர்களுக்கு 110 சதவீதம்). புயலே இல்லாத வருடத்துக்கு அடுத்து பெரும்புயல் வந்தால் இது பெரிய உதவி. ஆனால் உதவி அபராதத்துக்கு மட்டும்தான். மீதி வரி முழுவதும் அடுத்த ஏப்ரல் 15-ல் மொத்தமாக வந்து நிற்கும். அதற்குள் டிரக் கடனுக்கும் மோட்டல் வாடகைக்கும் பணம் போயிருந்தால், வட்டி ஓடத் தொடங்கும்.

கட்டுப்பாடு யார் கையில்?

யார் ஊழியர், யார் சுயதொழிலர் என்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள முடியாது. ஒப்பந்தத்தில் 'நான் சுதந்திர ஒப்பந்தக்காரர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், நடைமுறை வேறாக இருந்தால் சட்டம் நடைமுறையைத்தான் பார்க்கும். வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். மூன்று கோணங்களில் கேட்கிறது. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வது யார்? முதலீடும் லாப நஷ்டமும் யாருடையவை? இருவருக்கும் இடையிலான உறவு எப்படிப்பட்டது? 1987-ல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டி 20 அடையாளங்கள் கொண்ட பட்டியல் ஒன்றையும் அது வெளியிட்டது.

அட்ஜஸ்டரை இந்தத் தராசில் வைத்தால் முள் நடுவிலேயே ஆடுகிறது. டிரக் அவருடையது, ஏணி அவருடையது, பெட்ரோல் அவர் காசு. உரிமமும் அவர் பெயரில். எந்த வீட்டை முதலில் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். முடித்த ஃபைலுக்குத்தான் கூலி. வேகமாக முடிப்பவருக்கு அதிக வருமானம். இவ்வளவும் சுயதொழிலரின் அடையாளங்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எந்த மென்பொருளில் மதிப்பீடு எழுதுவது என்பதைக் கம்பெனி சொல்கிறது, பெரும்பாலும் 'எக்ஸாக்டிமேட்'. ஓடு ஒரு சதுரத்துக்கு என்ன விலை என்பது அந்த மென்பொருளின் விலைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. எத்தனை மணி நேரத்துக்குள் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும், எத்தனை படம் எடுக்க வேண்டும், எந்த மாதிரிச் சேதத்துக்கு முழுக் கூரையும் மாற்றலாம் என்பதற்கெல்லாம் கம்பெனி வழிகாட்டுதல் தருகிறது. எழுதிய ஃபைலை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பரிசீலகர் திருப்பி அனுப்பலாம். திரும்பி வந்த ஃபைலுக்கு மறுபடி உழைத்தாலும் பல இடங்களில் தனிக் கூலி கிடையாது. சில நிறுவனங்கள் ஃபைல் கணக்கை விட்டுவிட்டு நாள்கூலி தருகின்றன. நாள்கூலி வந்த கணமே லாப நஷ்டம் என்ற வாதம் பலவீனமாகிறது.

சுருக்கமாகச் சொன்னால், கருவிகள் அட்ஜஸ்டரிடம், தீர்மானம் கம்பெனியிடம். சொந்தமாகக் கருவி வைத்திருப்பவன் சுதந்திரமானவன் என்று எண்ணிய காலத்தின் அளவுகோல் இது. ஏணியின் விலை மோட்டலில் சில நாள் தங்கும் செலவுக்கு மேல் போகாத தொழிலில், அந்த அளவுகோல் எவ்வளவு தூரம் செல்லும்?

அறிக்கையைத் திருத்திய பேனா

கட்டுப்பாடு பற்றிய இந்தச் சர்ச்சை வரிப் படிவத்தோடு நிற்பதில்லை. வீடிழந்தவரின் பணத்தையும் தொடுகிறது. இயன் புயலுக்குப் பிறகு ஃப்ளோரிடாவில் எழுந்த பெரிய புகார் இதுதான்: களத்தில் நின்று பார்த்த அட்ஜஸ்டர் எழுதிய தொகை ஒன்று, வீட்டுக்காரர் கைக்குப் போன அறிக்கையில் இருந்த தொகை வேறு. அறிக்கையில் பெயர் மட்டும் அட்ஜஸ்டருடையது. 2023-ல் ஃப்ளோரிடா சட்டமன்றம் இதற்கென்றே விதி கொண்டுவந்தது. அறிக்கையைத் திருத்தினால் என்ன திருத்தம், யார் சொல்லித் திருத்தியது என்பதைப் பதிய வேண்டும். தொகை குறைந்தால் காரணமும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் உரிமம் பெற்ற அட்ஜஸ்டர்கள் இந்தக் குற்றச்சாட்டை வெளிப்படையாகச் சொன்னார்கள். 2025 மே மாதம் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்றும் விசாரணை நடத்தியது. மதிப்பீட்டைக் குறைக்க நெருக்கடி வந்ததாக அட்ஜஸ்டர்கள் சாட்சி சொன்னார்கள். கம்பெனிகளின் பிரதிநிதிகள் மறுத்தார்கள்.

ஃப்ளோரிடாவின் விதி பாலிசிதாரரைக் காப்பதற்காக வந்தது. வரி வழக்கில் அதற்கு நேரடி இடமில்லை. ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் உத்தரவிட்டு மாற்ற முடிகிறது என்பதைச் சட்டமே பதிவு செய்யச் சொல்லும்போது, 'அவர் சுதந்திரமாகத் தீர்மானிக்கிறவர்' என்ற வாதம் எப்படி நிற்கும்? தன் வருமானம் அடுத்த புயலுக்கு இதே நிறுவனம் கூப்பிடுவதைப் பொறுத்தது என்றால், திருத்தத்தை எதிர்த்துப் பேச எத்தனை பேர் துணிவார்கள்?

1978-ல் போட்ட பூட்டு

இத்தனை ஆண்டுகளாக அரசு ஏன் இதைத் தெளிவுபடுத்தவில்லை? தெளிவுபடுத்தக்கூடாது என்று நாடாளுமன்றமே தடுத்து வைத்திருக்கிறது. 1970-களில் ஐ.ஆர்.எஸ். நிறுவனங்களைத் தணிக்கை செய்து, 'இவர்கள் ஊழியர்கள். பழைய வரியைக் கட்டு' என்று நெருக்கியது. தொழில் வட்டாரம் கொதித்தது. 1978-ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்தின் 530-ஆவது பிரிவு பிறந்தது. தற்காலிகம் என்றுதான் தொடங்கியது, 1982-ல் நிரந்தரமாகிவிட்டது.

அந்தப் பிரிவு இரண்டு காரியம் செய்தது. ஒன்று, நிறுவனத்துக்குக் கவசம்: தொழில் வழக்கம், பழைய தணிக்கை, தீர்ப்பு போன்ற நியாயமான அடிப்படை இருந்து, ஒரே மாதிரி வேலை செய்பவர்களை ஒரே மாதிரி நடத்தி, 1099 படிவத்தையும் ஒழுங்காக அனுப்பியிருந்தால், உண்மையில் அவர் ஊழியராகவே இருந்தாலும் நிறுவனத்திடம் பழைய வரியைக் கேட்க முடியாது. இரண்டு, இந்த நிலை பற்றிப் பொதுவான புதிய விதிமுறை எதையும் ஐ.ஆர்.எஸ். வெளியிடக் கூடாது.

கவசம் இல்லாத நிறுவனம் மாட்டிக்கொண்டாலும் பெரிய இடி இல்லை. வேண்டுமென்றே செய்யாத தவறு, 1099 அனுப்பியும் இருக்கிறது என்றால், 3509-ஆவது பிரிவின்படி கட்ட வேண்டியது கூலியில் 10.68 சதவீதம்; ஒரு லட்சம் டாலருக்கு 10,680. நிறுவனம் தானாக முன்வந்து இனி ஊழியராக நடத்துகிறேன் என்றால் 2011-ல் தொடங்கிய சமரசத் திட்டம் உண்டு: அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,068 டாலர் போதும். வட்டியும் அபராதமும் கிடையாது.

அட்ஜஸ்டர் பக்கமும் ஒரு கதவு இருக்கிறது. 'எஸ்.எஸ்-8' படிவத்தில் தன் வேலை நிலையை விவரித்து, நான் யார் என்று ஐ.ஆர்.எஸ்.ஸிடமே தீர்ப்புக் கேட்கலாம். பதில் வர ஆறு மாதமாவது ஆகும். '8919' படிவத்தோடு தன் பங்கான 7.65 சதவீதத்தை மட்டும் கட்டலாம். ஆனால் எஸ்.எஸ்-8 போட்டால் நிறுவனத்திடமும் ஐ.ஆர்.எஸ். விளக்கம் கேட்கும். யார் போட்டது என்பது தெரிந்துவிடும். அடுத்த புயலுக்கு அழைப்பு வர வேண்டும் என்று காத்திருப்பவர் அந்தக் கதவைத் தட்ட யோசிப்பார்.

கூரையிலிருந்து விழுந்தால்

வரி கூடுதலாகக் கட்டினாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஈரக் கூரையில் கால் வழுக்கினால்? ஊழியருக்கு வேலையிட விபத்து இழப்பீடு உண்டு. சுயதொழிலருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அது இல்லை. தானே பாலிசி எடுத்திருந்தால்தான். புயல் இல்லாத மாதங்களில் ஊழியர் வேலையின்மை உதவித்தொகை கேட்கலாம். 1099-காரருக்கு வழக்கமாக அந்த உரிமை இல்லை.

ஓவர்டைம் விஷயம் இன்னும் விசித்திரமானது. புயலுக்குப் பிந்தைய வாரங்களில் ஞாயிறு என்றெல்லாம் ஒன்று கிடையாது. ஊழியராகவே வைத்தாலும், க்ளைம் அட்ஜஸ்டர் பொதுவாக நிர்வாகப் பணியாளர் வகையில் வருவார், ஓவர்டைம் தர வேண்டாம் என்கிறது தொழிலாளர் துறை விதி. ஆனால் அந்த விலக்கு பெற அவருக்கு நிலையான சம்பளமோ, வேலைக்கு இவ்வளவு என்று பேசிய கட்டணமோ இருக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் ஹெலிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது: ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்கிய எண்ணெய்க் கிணற்று மேற்பார்வையாளருக்கும் ஓவர்டைம் உண்டு, ஏனென்றால் அவருக்குக் கொடுத்தது நாள்கூலி. அட்ஜஸ்டருக்கு நாள்கூலி தரும் நிறுவனங்கள் கூர்ந்து படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

யார் ஊழியர் என்பதற்கான தொழிலாளர் சட்டத்தின் அளவுகோலோ ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது. 2021-ல் ஒரு விதி, 2024 மார்ச்சில் அதை ரத்து செய்து ஆறு அம்சங்கள் கொண்ட புதிய விதி, 2025 மே மாதம் அந்தப் புதிய விதியின்படி நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்ற அறிவிப்பு. கலிஃபோர்னியா 2019-ல் 'ஏபி-5' சட்டம் கொண்டுவந்து, சுயதொழிலர் என்று நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் தலையில் போட்டது. பல தொழில்கள் விலக்குக் கேட்டு வரிசையில் நின்றன. 2022 முதல் க்ளைம் அட்ஜஸ்டிங் வேலையும் விலக்குப் பட்டியலில் சேர்ந்து, கட்டுப்பாடு யாருடையது என்று பார்க்கும் 1989-ஆம் ஆண்டின் பழைய சோதனைக்கே திரும்பியது.

'எனக்கு 1099 போதும்'

அட்ஜஸ்டர்கள் எல்லோரும் ஊழியராக வேண்டும் என்று தவிக்கிறார்கள் என எண்ண வேண்டாம். 1099-ஐ விரும்பிக் கேட்பவர்கள் நிறைய. காரணம் செலவுக் கழிவு. டிரக் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் 2025-ல் 70 சென்ட் கழிக்க முடிந்தது. மோட்டல், உணவில் பாதி, மென்பொருள் சந்தா, உரிமக் கட்டணம் எல்லாம் கழியும். ஊழியருக்கோ 2018 முதல் இந்தக் கழிவு மத்திய வருமான வரியில் இல்லை. 2025-ல் வந்த வரிச் சட்டம் அதை நிரந்தரமாகவே மூடிவிட்டது. நிறுவனம் செலவைத் திருப்பித் தராவிட்டால், டபிள்யூ-2 வாங்கும் அட்ஜஸ்டர் தன் டிரக்கைத் தன் காசில் தேய்க்க வேண்டியதுதான்.

இந்தக் கழிவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பயணச் செலவைக் கழிக்க, திரும்பிப் போக ஒரு நிலையான இருப்பிடமோ தொழில் இடமோ வேண்டும். வீட்டை விற்றுவிட்டு நடமாடும் வண்டியிலேயே குடியிருந்து புயலுக்குப் புயல் போகிறவரை வரிச் சட்டம் நாடோடியாகப் பார்க்கும். எங்கே இருக்கிறாரோ அதுவே அவர் வீடு என்றால், 'வெளியூர்ச் செலவு' எங்கிருந்து வரும்? ஓரிடத்தில் ஓராண்டுக்கு மேல் வேலை நீடிக்கும் என்று தெரிந்தாலும் கழிவு போய்விடும்.

மாநில வரியும் காற்று அடிக்கும் திசையைப் பொறுத்தது. டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் தனிநபர் வருமான வரி இல்லை. புயல் கொஞ்சம் விலகி லூசியானாவிலோ ஜார்ஜியாவிலோ கரையேறினால் அந்த மாநிலத்துக்குத் தனியாகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பேரிடர்க் காலத்தில் வெளிமாநிலப் பணியாளர்களுக்கு விலக்குத் தரும் சட்டங்கள் பல மாநிலங்களில் உண்டு. அவை பெரும்பாலும் மின்சாரம், தொலைத்தொடர்பு சீரமைக்க வருபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

கையெழுத்துப் போடும் முன்

புயலுக்கு அழைப்பு வந்ததும் அட்ஜஸ்டர் கேட்டுத் தெளிய வேண்டியவை:

• கூலி ஃபைல் கணக்கா, நாள்கூலியா? திரும்பி வரும் ஃபைலுக்குக் கூலி உண்டா?

• வரும் படிவம் டபிள்யூ-2-ஆ, 1099-ஆ? டபிள்யூ-2 என்றால் மைல் கணக்கும் தங்கும் செலவும் திரும்ப வருமா?

• விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு?

• ஒரே நேரத்தில் வேறு நிறுவனத்துக்கும் வேலை செய்யலாமா?

• தன் அறிக்கையை யாராவது திருத்தினால் தனக்குத் தெரிவிப்பார்களா?

பிடித்தம் வேறு, பொறுப்பு வேறு

நம் சர்வேயர்களோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற சர்வேயர் இந்தியாவில் சுயதொழிலர்தான். ஆனாலும் அவர் கட்டணத்திலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனி டி.டி.எஸ். பிடிக்கிறது: தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம். அதிகம் பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பிடித்தம் செய்தார்கள் என்பதால் அவர் கம்பெனியின் ஊழியராகிவிடுவதில்லை. அமெரிக்காவிலோ பிடித்தம் என்றாலே ஊழியர், பிடித்தம் இல்லை என்றால் சுயதொழிலர் என்று இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறார்கள். வரி எண் தராதவர்களிடம் 24 சதவீதம் பிடிப்பது போன்ற விதிவிலக்குகளைத் தவிர, சுயதொழிலரிடம் பிடித்தம் செய்வது அங்கே வழக்கமில்லை. அதனால் பிடித்தம் செய்ய முன்வரும் நிறுவனம் கூடவே ஓவர்டைம், விபத்து இழப்பீடு, வேலையின்மைக் காப்பு எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்வதாக அஞ்சுகிறது.

முடிச்சைப் பிரித்தால் பாதிச் சிக்கல் தீரும். ஃபைல் கூலியிலிருந்து ஒரு சிறு சதவீதம் அவ்வப்போது அரசுக்குப் போய்விட்டால், ஏப்ரல் மாதத்தில் மொத்தமாக வந்து நிற்கும் பாக்கி குறையும். அதற்கு யாரும் யாருடைய ஊழியர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

மறுபாதி கடினமானது, அதைச் சட்டம்தான் செய்ய வேண்டும். ஏணி யாருடையது, டிரக் யாருடையது என்று எண்ணிக்கொண்டிருப்பதை விட, கூரை மேல் நின்று எழுதிய தொகையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கிறவர்கள், எழுதியவர் கூரையிலிருந்து விழுந்தால் வரும் மருத்துவச் செலவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதிகாரம் வேண்டாம் என்றால் அட்ஜஸ்டர் எழுதியதை எழுதியபடியே வீட்டுக்காரருக்குக் கொடுக்கட்டும். 1099 அப்போதுதான் நியாயமான காகிதமாகும். இதை விதியாக எழுத வேண்டுமானால் 1978-ல் போட்ட பூட்டை முதலில் திறக்க வேண்டும். அதன் சாவி ஐ.ஆர்.எஸ்.ஸிடம் இல்லை, நாடாளுமன்றத்திடம்தான் இருக்கிறது.